ஹேக்கர் என்றால் திருடனா?

பாங்கியில் போட்ட பணம் மாயமாய் மறைந்துவிட்டதா? "ஹேக்கர் வேலை!" என்கிறார்கள். டெலிபோனில் இருந்த படங்கள் களவு போய்விட்டனவா? அதற்கும் ஹேக்கர் மீதுதான் பழி.

ஆனால் இந்தப் பெயர் பிறந்தபோது அது ஒரு பாராட்டுப் பெயர்!

ரயில் பொம்மை சங்கம்

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே மாணவர்கள் 1946-ல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சின்னஞ்சிறு ரயில்களைச் செய்து ஓட்டிப் பார்ப்பதுதான் சங்கத்தின் வேலை.

மேடை மேல் ரயில் ஓடும். மேடைக்கு அடியில் ஒயர்களும் சுவிட்சுகளும் பின்னிக் கிடக்கும். சில மாணவர்களுக்கு அந்த ஒயர்கள் மீதுதான் ஆசை. அங்கே ஒருவர் புது மாதிரியாக எதையாவது செய்து காட்டினால், அதற்கு 'ஹேக்' என்று பெயர். செய்தவர் ஹேக்கர்! 1959-ல் பீட்டர் சாம்சன் என்ற மாணவர் எழுதிய சங்க அகராதியிலேயே இந்தச் சொல் இருக்கிறது.

இந்த மாணவர்கள் பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்கள். 1962-ல் ஸ்டீவ் ரசல் என்பவர் நண்பர்களோடு சேர்ந்து ஒரு விளையாட்டை உருவாக்கினார். திரையில் இரண்டு ராக்கெட்டுகள் சண்டை போடும். அதை அவர்கள் விற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுத்தார்கள்.

பெயர் கெட்டது எப்படி?

1983-ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்து வாலிபர்கள் சிலர் பிடிபட்டார்கள். டெலிபோன் வழியாகப் பிறர் கம்ப்யூட்டர்களுக்குள் நுழைந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. பத்திரிகைகள் அவர்களை 'ஹேக்கர்' என்று எழுதின. பெயர் ஒட்டிக்கொண்டது!

விளையாட்டு வினையானது

1988 நவம்பர் 2-ந் தேதி. ராபர்ட் மாரிஸ் என்ற மாணவர் ஒரு புரோகிராமை வெளியே விட்டார். அது தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தாவியது. பணத்தைத் திருடவில்லை, எதையும் அழிக்கவில்லை. ஆனால் நகல்கள் பெருகிப் பெருகி, சுமார் 6,000 கம்ப்யூட்டர்கள் திணறியதாக மதிப்பிட்டார்கள்.

1990-ல் தீர்ப்பு வந்தது. 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரம் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம்!

மாரிஸ் திருந்தாத மனிதர் அல்ல. பிற்காலத்தில் அதே எம்.ஐ.டி.யில் பேராசிரியரானார்.

கேட்டுத் தொடு!

பூட்டு ரிப்பேர்க்காரருக்கும் பூட்டைத் திறக்கத் தெரியும். திருடனுக்கும் தெரியும். முன்னவர் கூப்பிட்டால் வருவார். பின்னவன் ஊர் தூங்கும்போது வருவான். ஹேக்கர் விஷயமும் இதுதான். இன்று பல கம்பெனிகள், "எங்கள் பூட்டில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்" என்று பரிசே கொடுக்கின்றன.

உங்கள் மகனோ மகளோ கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கிறார்களா? திட்டாதீர்கள். அறிவு வளரும் வழி அது. ஆனால், பக்கத்து வீட்டுக் கடிகாரத்தைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்!