முப்பது மீற்றர் நூலில் ஒரு சூரியக் குடும்பம்

பாடம் நாளைக்குக் காலை எட்டு மணிக்கு. ஆனால் உண்மையான கூத்து இன்றைக்குப் பின்னேரமே மருதமுனையில் தொடங்கிவிட்டது! தறிச் சத்தத்துக்கு நடுவில், கல்முனைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் விசேட கல்விப் பிரிவு டீச்சர் நூல்கண்டும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் மீற்றர் நாடா, நிறநூல் துண்டுகள், ஒரேயொரு கடலை. அந்தக் கடலைதான் சூரியன்.

சூரியனிலிருந்து பூமிவரை 15 கோடி கிலோமீற்றர். அதை ஒரு மீற்றராக எடுத்துக்கொண்டு டீச்சர் முடிச்சுப் போடுகிறார். 39 சென்ரிமீற்றரில் புதன், 72இல் வெள்ளி, சரியாக ஒரு மீற்றரில் பூமி, ஒன்றரையில் செவ்வாய். கையை விரித்தால் நாலு முடிச்சும் அதற்குள் அடக்கம். பிறகு கண்டு உருளுகிறது, உருளுகிறது... 5.2 மீற்றரில் வியாழன், ஒன்பதரையில் சனி, 19இல் யுரேனஸ், 30இல் நெப்டியூன். நூல் வாசலைத் தாண்டி ஒழுங்கைக்குள் போய்விட்டது!

பூமி முடிச்சைத் தொட்டதும் எனக்கு மேல் சிலிர்த்தது. இந்த அளவில் பூமியின் விட்டம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. நெசவு நூலே அதைவிடத் தடிப்பு. முடிச்சு கோள் இல்லை, கோள் நிற்கும் இடம் மட்டும்தான் என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறார் டீச்சர். அளவையும் தூரத்தையும் ஒரே பக்கத்தில் உண்மையாக வரைய முடியாது. அதனால்தான் படங்களில் எட்டுக் கோளும் தோளோடு தோள் நிற்கின்றன. பலியாவது எப்போதும் தூரம்தான். அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்த எங்கள் எல்லாருக்குமே இந்த நூல் தேவை என்று எனக்குப் படுகிறது.

நெப்டியூன் 450 கோடி கிலோமீற்றர் தூரத்தில் என்று கரும்பலகையில் எழுதினால், எண்களோடு மல்லுக்கட்டும் பிள்ளைக்கு அது வெறும் பூச்சிய வரிசை. வாசித்த வரியை அடுத்த வரி வரும்வரை நினைவில் பிடித்து வைப்பதே சிலருக்குப் பெரும் பாடு. நடந்த தூரம் காலில் நிற்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு: செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என்று கிழமை பாடமாக இருக்கும் பிள்ளை, கோள்களையும் அதே வரிசையில் நிறுத்திவிடும். நிறநூல் அதற்காகத்தான். பூமிக்கு நீலம், செவ்வாய்க்குச் சிவப்பு. சனி முடிச்சில் மட்டும் விரலுக்குத் தட்டுப்படும் ஒரு குட்டி வளையம்.

காலை, மைதானம். கடலையைப் பிடிக்க அடிபிடி! ஒருத்தி வென்று, அசையாமல் சூரியனாக நிற்கிறாள். செவ்வாய்வரை ஒரே நெரிசல், ஆளை ஆள் முட்டிச் சிரிப்பு. வியாழனைத் தாண்டியதும் சத்தம் குறைகிறது. சனிக்கும் யுரேனசுக்கும் நடுவில் ஒருவன் நின்றுவிட்டான்.

"இன்னும் வரல்லியா டீச்சர்?"

"வரல்ல மகன். நட."

நடுவில் கதை சொல்லிச் சலிப்பைப் போக்க டீச்சர் முயலவே இல்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. வொயேஜர் 2 விண்கலம் 1981 ஓகஸ்டில் சனியைக் கடந்தது. யுரேனசை எட்டும்போது 1986 ஜனவரி. நெப்டியூனுக்கு 1989 ஓகஸ்ட்! அந்த வெறுமையைப் பிள்ளைகள் காலால் அளக்கும்போது இடையில் யாரும் பேசக் கூடாது.

வகுப்புக்குத் திரும்பியதும் ஆளுக்கொரு காகித நாடா. ஒரு நுனி சூரியன், மறு நுனி புளூட்டோ. நடுவில் மடித்தால் யுரேனஸ். இரண்டு பாதியையும் திரும்ப மடித்தால் சூரியன் பக்கம் சனி, அந்தப் பக்கம் நெப்டியூன். சூரியனுக்கும் சனிக்கும் நடுவில் வியாழன். கிட்டத்தட்டச் சரியாக வரும், அடிமட்டமே வேண்டாம். அடிமட்டத்தில் கோடு எண்ணத் தடுமாறும் விரல்கள் இங்கே டக்கென்று மடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளைக்கும் காட்டிக் கொடுக்கின்றன.

பஸ்ஸில் வரும் பிள்ளைகளுக்கு டீச்சரிடம் வேறு கணக்கு. மீற்றரைக் கிலோமீற்றராக்கி, கல்முனை பஸ் நிலையத்தில் சூரியனை வைத்தால், முதல் நாலு கோளும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். வியாழன் ஏறத்தாழக் காரைதீவில். நிந்தவூர் தாண்டிச் சனி, அட்டாளைச்சேனைப் பக்கம் யுரேனஸ். நெப்டியூனுக்கு அக்கரைப்பற்றையும் தாண்ட வேண்டும்.

"அதுக்கு அங்கால என்ன டீச்சர்?" நடுவழியில் நின்ற அதே பையன்!

அங்கால நட்சத்திரம். சூரியனுக்கு அடுத்து எங்களுக்கு மிகக் கிட்ட இருப்பது புரொக்சிமா சென்டோரி, 4.24 ஒளியாண்டு தூரத்தில். மைதானத்து நூல் அளவில் 268 கிலோமீற்றர். கல்முனையிலிருந்து நேர்கோடாக இழுத்தால் கொழும்பைத் தாண்டி, மேற்குக் கடலுக்குள் போய்விடும் என்று டீச்சர் வரைபடத்தில் விரலை ஓட்டிக் காட்டினார்.

"அப்ப வள்ளத்துல போய்த்தான் முடிச்சுப் போடணும்!" என்றான் அவன்.