வீடு என்னும் இயந்திரம் – 17: தூசுக்கு ஒரு தனிவழி

கனடாவில் புது வீடு வாங்கிக் குடிபோனவர்கள் சுவரின் கீழ்ப்பக்கத்தில், மின் பிளக்குக்கு அருகே, மூடி போட்ட சின்னச் சதுரம் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மூடியைத் தூக்கினால் உள்ளே வட்டமான ஒரு வாய். சென்ட்ரல் வாக்யூம் அமைப்பின் வாசல் அது. சென்ற வாரம் வீட்டைச் சூடாக்கும் காற்றுக்குழாய்களைப் பார்த்தோம். இந்த வாரம், வீட்டின் தூசை வெளியே கொண்டுபோகும் குழாய்.

இதன் மோட்டார் அறைகளில் இருக்காது. கராஜிலோ பேஸ்மென்டிலோ சுவரில் மாட்டிய பெரிய உருளைக்குள் இருக்கும். அங்கிருந்து 2 அங்குல பிவிசி குழாய்கள் சுவருக்குள்ளும் தளத்துக்கு அடியிலும் ஓடி, ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாயில் வந்து முடியும். வாயில் செருகும் ஹோஸ் பொதுவாக 30 அடி நீளம். ஒரு வாய் சுமார் 600 சதுர அடியைக் கவனித்துக்கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், நடுத்தர வீட்டுக்கு மூன்று நான்கு வாய்கள் போதும்.

குழாயோடு ஒட்டியபடியே 24 வோல்ட் கம்பி ஒன்றும் வருகிறது. வாய்க்குள் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். ஹோஸின் முனையிலுள்ள உலோக வளையம் அவற்றைத் தொட்டதும் சுற்று பூர்த்தியாகி, உருளையிலிருக்கும் ரிலே மோட்டாரை ஓடவிடும். மோட்டார் குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற, உள்ளே அழுத்தம் குறைகிறது. அறையின் காற்று அந்த இடத்தை நிரப்பப் பாயும்போது தூசையும் அடித்துக்கொண்டு போகிறது. மற்ற வாய்களின் மூடிகளை அதே அழுத்தம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

உருளைக்குள் காற்று சுழலும். கனமான தூசு ஓரத்துக்கு ஒதுங்கி அடித் தொட்டியில் விழும். மிஞ்சியதைத் துணி வடிகட்டியோ பையோ பிடிக்கும். அதையும் தாண்டும் நுண்தூசு, வெளிச்சுவர்க் குழாய் வழியாக வீட்டைவிட்டே போய்விடும். கையில் இழுத்துச் செல்லும் வாக்யூம், வடிகட்டிய காற்றை அதே அறைக்குள்தான் ஊதுகிறது. ஆஸ்துமா உள்ளவர்கள் வாழும் வீட்டில் இந்த வித்தியாசம் சிறியதல்ல.

இதில் என்னை வியக்கவைப்பது மோட்டாரைவிடக் குழாய் வேலைதான். குறுகலான 90 டிகிரி எல்போவை வாய்க்கு நேர் பின்னால் மட்டுமே போடுவார்கள். மற்ற இடமெல்லாம் நீண்டு வளையும் பெண்டு. பென்சிலோ ஹேர்பின்னோ உள்ளே போனால், சிக்க வேண்டியது அந்த முதல் வளைவிலேயே சிக்கும். கையை விட்டு எடுத்துவிடலாம். அதைத் தாண்டிய பொருள் மற்ற வளைவுகளையும் தாண்டிவிடும். பசையையும் குழாயின் வெளிப்புறத்தில்தான் தடவுவார்கள். இணைப்பின் உள்ளே தடவினால், குழாயைச் செருகும்போது பசை முன்னே தள்ளப்பட்டு மேடாகக் காய்ந்துவிடும். தலைமுடி அங்கே மாட்டி, நாளடைவில் அடைப்பாகும்.

இது புதிய யோசனையும் அல்ல. அமெரிக்கரான டேவிட் கென்னி 1902-இல் பிட்ஸ்பர்க் நகரின் ஃபிரிக் கட்டடத்தில், நீராவி எந்திரத்தால் இயங்கும் இத்தகைய அமைப்பை நிறுவினார். சில ஆண்டுகளில் கையடக்க மின் வாக்யூம்கள் வந்ததும் அவையே வீடுகளைப் பிடித்துக்கொண்டன. மலிவான பிளாஸ்டிக் குழாய் வந்த பிறகுதான் கென்னியின் யோசனை சாதாரண வீடுகளுக்குள் வந்தது.

குறையும் உண்டு. 30 அடி ஹோஸைத் தூக்கிச் செல்வதும், சுருட்டி வைக்க இடம் தேடுவதும் சிரமம்தான். இருந்தும் இது வேண்டுமென்றால், குழாய் பதிப்பதற்கான நல்ல காலம் ஒன்றுதான்: மரச்சட்டம் நின்று, டிரைவால் அடிக்கும் முன். பல கட்டுநர்கள் ‘ரஃப்-இன்’ என்று குழாயை மட்டும் போட்டுத் தருவார்கள். மோட்டாரைப் பிறகு வாங்கி மாட்டலாம். டொரொண்டோ, மார்க்கம் பக்கம் புது வீட்டுக்கு முன்பணம் கட்டும் நம்மவர்கள், ஒப்பந்தத்தில் ‘ரஃப்-இன்’ பற்றிய வரி இருக்கிறதா என்று பாருங்கள். சுவர் மூடும் முன் குழாய் போகும் வழியைப் படமெடுத்து வையுங்கள். பின்னாளில் சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படம்தான் உதவும்.

(தொடரும்)