முதியோர் பணியில் முன்னிற்பவர் யார்?

பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு வந்த நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் ஒரே கவலை குடிகொண்டிருக்கிறது. ஊரில் தனித்திருக்கும் தாய் தந்தையரை யார் பார்ப்பது? நாளை நமக்கே முதுமை வந்தால், இந்த அயலூரில் நம்மை யார் பேணுவது? பணம் அனுப்பலாம், மருந்து வாங்கித் தரலாம், நல்லதொரு முதியோர் இல்லத்தையும் தேடலாம். ஆனால், அங்கே பொறுப்பேற்று முன்னின்று நடத்துகிறவர் ஒருவர் இல்லாவிடில் அவை யாவும் பயன் தரா. அத்தகையோரை உருவாக்குவது எங்ஙனம் என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் தடா நிலையத்தில் புறநகர் வண்டியேறும் முதியோரில் சிலர், சென்ட்ரலில் இறங்கி எதிரேயுள்ள அரசு பொது மருத்துவமனைக்குச் செல்கிறவர்கள். முதியோர் மருத்துவத்தில் அம்மருத்துவமனை நாட்டுக்கே வழிகாட்டியது என்பதை நம்மில் அநேகர் அறியோம். 1978-ஆம் ஆண்டில் டாக்டர் வி. எஸ். நடராஜன் அங்கே முதியோருக்கெனத் தனியாகப் புறநோயாளர் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1988-இல், பத்துப் படுக்கைகள் கொண்ட வார்டு ஏற்பட்டது. 1996-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கு எம்.டி. பட்டப் படிப்பு தோன்றியது. இந்தியாவில் இதுவே முதலாவது. 2012-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறக்கப்பட்டது.

இவ்வாண்டுகளை வரிசையாக நோக்குங்கள். தலைமைக்கு முதல் இலக்கணம் பொறுமை என்பது விளங்கும். இரண்டாவது இலக்கணம் அதனினும் பெரிது. பிரிவைத் தொடங்கியதோடு நின்றிருந்தால், தொடங்கியவர் ஓய்வு பெற்றதும் அது ஓய்ந்திருக்கக்கூடும். படிப்பு ஏற்பட்டதால் அவ்வழியில் செல்ல ஆண்டுதோறும் புதியவர்கள் வந்தனர். தமக்குப் பின் வருவோரை ஆக்கித் தருபவரே தலைவர்.

மேல்நாட்டிலும் இதற்கொரு சான்று உண்டு. 1935-இல் லண்டனை அடுத்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளிகள் 714 பேரை ஏற்றுக்கொண்டது. அவர்களுள் பெரும்பாலோர் இனித் தேற மாட்டார் எனக் கைவிடப்பட்டுப் படுக்கையில் கிடந்த முதியோர். டாக்டர் மார்ஜரி வாரன் என்னும் பெண்மணி அவர்களை ஒவ்வொருவராகச் சோதித்தார், நோய்க்கேற்ப வகைப்படுத்தினார், நர்ஸுகளையும் உடற்பயிற்சி வல்லுநரையும் ஒரே குழுவாக இணைத்து, எழக்கூடியவர்களை எழுந்து நடக்கச் செய்தார். பலர் வீடு திரும்பினர். கிழவர் படுத்தால் எழார் என்ற நெடுநாள் எண்ணத்தை ஒரு வார்டிலிருந்தே அவர் மாற்றிக் காட்டினார்.

முதியோர் பணியில் தலைமை என்பது பெரிய டாக்டர்களுக்கு மட்டும் உரியதன்று. முதுமையில் நோய் தன் முகத்தை மறைத்துக்கொண்டு வரும். நுரையீரலில் சீதளம் கண்டாலும் காய்ச்சல் இல்லாமல் இருக்கலாம். திடீரென்று உணவை ஒதுக்குதல், பேச்சுத் தடுமாறுதல், கால் இடறி விழுதல் இவையே முதல் அறிகுறிகளாகத் தோன்றலாம். இவற்றை முதலில் காண்பவர் யார்? குளிப்பாட்டிச் சோறூட்டும் ஆயா அல்லவா? ‘பாட்டி இன்று என்னவோ போலிருக்கிறார்’ என்று அவர் சொல்லும்போது செவிசாய்க்கும் மேலாளர் உயிரைக் காப்பார். ‘உன் வேலையைப் பார்’ என்பவர் அதனை இழக்கச் செய்வார். கீழே உள்ளவர் அஞ்சாது பேசுமாறு செய்வதே மூன்றாவது இலக்கணம்.

இதற்கு ரயில்வேயின் வழக்கமொன்று பயன்படும். பணி நேரம் மாறும்போது ஸ்டேஷன் மாஸ்டர் வாய்மொழியாக மட்டும் சொல்லிவிட்டுப் போவதில்லை. நிலைமையை எழுதி ஒப்படைக்கிறார்; ஏற்பவரும் கையொப்பமிடுகிறார். முதியோர் இல்லத்திலும் யார் உண்ணவில்லை, யார் உறங்கவில்லை, படுக்கையில் கிடப்பவரை எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தனர் என்று எழுதி ஒப்படைக்கும் பழக்கம் வேண்டும். புரட்டாது விட்டால் படுக்கைப் புண் உண்டாகும். இப்பழக்கத்தைத் தொடங்கி வைக்கப் பதவி வேண்டுவதில்லை, பொறுப்புணர்ச்சியே போதும்.

நம்மைப் போன்று ஊர்விட்டு வாழ்வோர் சிறப்பாகக் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு. மறதி நோய் கண்ட முதியோருள் பலர், பின்னாளில் கற்ற மொழியை இழந்து தாய்மொழிக்கே திரும்புவர். நாற்பதாண்டு தெலுங்கோ இந்தியோ பேசி வாழ்ந்தவர், இறுதியில் தமிழில் மட்டும் தண்ணீர் கேட்கக்கூடும். அதைப் புரிந்துகொள்வோர் அருகில் இல்லையென்றால் அவர் தாகத்தோடு தவிப்பாரன்றோ? எனவே, தமிழறிந்த பணியாளரின் சொல்லுக்கு அந்த இல்லத்தில் இடமிருக்க வேண்டும்.

2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே இந்தியாவில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் பத்துக் கோடிக்கு மேல் இருந்தனர். ஆயினும் இப்பணிக்குச் செல்லும் பெண்ணையோ பையனையோ ‘வேறு வேலை கிடைக்கவில்லையோ?’ என்று நம்மிலேயே சிலர் இளக்காரமாகக் கேட்கின்றனர். இப்பேச்சு ஒழிய வேண்டும். நம் வீட்டுப் பிள்ளைகள் நர்ஸ் படிப்பிலும் முதியோர் பராமரிப்புப் பயிற்சியிலும் சேர விழைந்தால் சங்கங்கள் கைகொடுக்கட்டும். ஆண்டு விழா மேடையில் கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது, முதியோரைப் பேணும் ஆயா ஒருவருக்கும் ஓர் இடம் தரட்டும். மதிப்புப் பெற்றவரே துணிந்து பேசுவார். துணிந்து பேசுகிறவரே நாளை முன்னின்று நடத்துவார். அன்பர்களே, நம் பெற்றோருக்கும் நமக்கும் வேண்டிய தலைவர்கள் இவர்களே. அவர்களை இன்றே வளர்ப்போமாக.