பித்தவெடிப்பும் சேற்றுப்புண்ணும்: பாதங்களைப் பேணுவோம்



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில், சர்க்கரை நோயாளிகளின் கால்புண் சிகிச்சைக்காக வருபவை நம்மை மிகவும் வருத்துகின்றன. விசாரித்தால், "வெறும் பித்தவெடிப்புதானே என்று விட்டுவிட்டோம்" என்கிறார்கள். ஆகவே பாதங்களைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறோம்.

உள்ளங்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. அதனால் அங்குள்ள தோல் எளிதில் வறண்டுவிடும். வயது ஏறுவது, வெறுங்காலுடன் நடப்பது, குதிகால் திறந்த செருப்பு, சோப்பை அதிகம் பயன்படுத்துவது ஆகியவை வறட்சியைக் கூட்டும். வறண்ட தடித்த தோல் உடல் பாரத்தால் பிளப்பதே பித்தவெடிப்பு.

விரலிடுக்கில் வெள்ளையாக ஊறி, தோல் உரிந்து அரித்தால் அது பெரும்பாலும் சேற்றுப்புண். ஈரத்தில் வளரும் பூஞ்சையால் வருவது. இந்தப் பூஞ்சை உள்ளங்காலிலும் பரவி, வெறும் வறட்சி போலவே செதில் செதிலாகத் தோன்றுவதுண்டு. எவ்வளவு எண்ணெய் தடவியும் குணமாகாவிட்டால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டுக்கும் வைத்தியம் வேறு. குதிகாலுக்கு எண்ணெய்ப் பசை தேவை. விரலிடுக்குக்கு உலர்ச்சி தேவை. உளூவில் விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோம். கழுவியபின் ஒரு சுத்தமான துணியால் அங்கே ஒற்றியெடுத்தால் போதும். அந்தத் துணி ஒவ்வொருவருக்கும் தனியாக இருக்கட்டும்.

வெடிப்புக்கு: இஷாவுக்குப் பின் வெதுவெதுப்பான நீரில் பாதங்களைப் பத்து நிமிடம் வைத்துத் துடையுங்கள். ஈரப்பதம் போகுமுன் வாசலின் அல்லது தேங்காய் எண்ணெய் தடவி, பருத்திக் காலுறை அணிந்து உறங்குங்கள். விரலிடுக்கில் தடவ வேண்டாம். பிளேடால் தோலைச் சீவவே கூடாது.

"எண்ணெய் தடவினால் உளூ கூடுமா?" என்று சகோதரிகள் கேட்கிறார்கள். தோலில் ஊறிய வெறும் பிசுபிசுப்பு தடையல்ல. தண்ணீர் தோலைத் தொடாதபடி கட்டியாக அப்பியிருந்தால் துடைத்துவிட்டுக் கழுவ வேண்டும். புண்ணில் நீர் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் மார்க்கத்தில் சலுகை உண்டு. இமாம் அவர்களிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அரிப்பு உடனே அடங்கும். பூஞ்சையோ உள்ளே பரவும். மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்ன நாள் வரை மருந்தை விடாமல் போடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் குத்தினாலும் தெரியாது. தண்ணீரின் சூடும் தெரியாது. அவர்கள் பாதங்களை ஊறவைக்க வேண்டாம். கல்லால் தேய்க்கவும் வேண்டாம். ளுஹர் நேரத்தில் சுடும் தரையில் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். தினமும் ஒருமுறை உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிய முடியாத வாப்பா, உம்மாவுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். அதுவும் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைதான்.

வெடிப்பில் இரத்தம், சீழ், துர்நாற்றம், சிவந்த வீக்கம், தோல் கறுத்தல் ஆகியவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். செலவை எண்ணித் தள்ளிப்போட வேண்டாம். அலுவலகத்தில் வந்து சொல்லுங்கள். புண் சிறிதாக இருக்கும்போது உதவுவது எங்களுக்கும் எளிது, உங்களுக்கும் நலம்.

நம் அனைவரின் பாதங்களையும் கடைசி வரை தொழுகையில் நிற்கும் பலத்துடன் அல்லாஹ் வைத்திருப்பானாக. ஆமீன்.