வாடாத புல் சுடுவது ஏன்?

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் சில வீடுகளின் முன் கத்திரி வெயிலிலும் வாடாத புல்தரையைக் காணலாம். தொட்டுப் பார்த்தால்தான் அது பிளாஸ்டிக் என்பது தெரியும். செங்கற்பட்டிலுள்ள என் மாணவன் ஒருவன் நண்பகலில் அத்தகைய தரையில் வெறுங்காலை வைத்துத் துள்ளிக் குதித்தான். “பக்கத்துப் புல் சுடவில்லையே, இது மட்டும் ஏன் சார் சுடுகிறது?” என்று கேட்டான். நல்ல கேள்வி!

முதலில் இப்புல் பிறந்த கதையைப் பார்ப்போம். 1965-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கூரையிட்ட விளையாட்டரங்கம் ஒன்று திறக்கப்பட்டது. அதன் பெயர் ஆஸ்ட்ரோடோம். ஒளிபுகும் கூரையால் ஆட்டக்காரர்களின் கண் கூசவே, கூரைக்கு வண்ணம் பூசினார்கள். ஒளி குறைந்ததால் உள்ளே இருந்த புல் பட்டுப்போயிற்று. 1966-இல் மான்சான்டோ நிறுவனத்தின் நைலான் புல்லை அங்கு விரித்தனர். அரங்கின் பெயரையொட்டி அது ‘ஆஸ்ட்ரோ டர்ஃப்’ எனப்பட்டது. இன்று பெரும்பாலும் பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இழைகளே பயன்படுகின்றன.

இப்புல் ஹாக்கியின் போக்கையே மாற்றியது. 1975-இல் கோலாலம்பூரில் இயற்கைப் புல்லில் உலகக் கோப்பையை வென்ற நம் அணி, மறு ஆண்டு மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தளத்தில் ஏழாம் இடமே பெற்றது. தளம் ஒன்றே காரணமன்று. ஆனால் மேடுபள்ளமற்ற தளத்தில் பந்து விரைந்தோடியதால் ஆட்டத்தின் வேகம் கூடிவிட்டது. சென்னை எழும்பூரிலுள்ள மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கிலும் இன்று செயற்கைத் தளமே உள்ளது. இத்தகைய ஹாக்கித் தளங்களில் ஆட்டத்துக்கு முன் நீர் பீய்ச்சுவார்கள். நீர்ப்படலம் உராய்வைக் குறைக்கிறது, தளத்தையும் குளிர்விக்கிறது.

மாணவனின் கேள்விக்கு விடையும் இந்த நீரில்தான் இருக்கிறது. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற 100 கலோரி போதும். ஆனால் 30 டிகிரியிலுள்ள ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 580 கலோரி வேண்டும்! உயிருள்ள புல், வேரால் நீரை உறிஞ்சி இலைத்துளைகள் வழியே ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. வெயிலின் வெப்பத்தில் பெரும்பகுதி இந்த வேலைக்கே செலவாகிவிடுகிறது. பிளாஸ்டிக் புல்லுக்கு வேரும் இல்லை, நீரும் இல்லை. வாங்கிய வெப்பத்தால் அதன் சூடுதான் ஏறுகிறது. கடும் வெயிலில் அதன் மேற்பரப்பு 60 டிகிரியையும் தாண்டுவதுண்டு. நீர் தெளித்தால் குளிரும். நீர் ஆவியானதும் மீண்டும் சுடும்.

அப்படியானால் இது வேண்டாத பொருளா? இல்லை. கடற்கரை மணலில் நீர் தங்காது. கிணற்று நீர் உப்பாக இருக்கலாம். அங்கே புல்தரைக்கு நல்ல நீரைக் கொட்டுவதும் எளிதன்று. ஆயினும் தேய்ந்த பிளாஸ்டிக் இழைகள் மழையோடு கடலைச் சேரக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும். செயற்கைப் புல் விரிப்பவர்கள் நிழலுள்ள இடத்தில் விரிக்கட்டும். குழந்தைகளைக் காலையிலும் மாலையிலும் மட்டும் அதில் விளையாட விடட்டும். வெயில் விழும் முற்றத்திற்கு, வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும் நம் அருகம்புல்லே நல்லது.

ஐயமிருந்தால் ஒரு நண்பகலில் இரண்டின் மீதும் உங்கள் உள்ளங்கையை மெல்ல வைத்துப் பாருங்கள். அருகம்புல் ஓசையின்றிச் செய்யும் வேலை அப்போது விளங்கும்.