பரணில் கிடக்கும் பட்டாளத்து வண்டிகள்

ஆயுத பூஜைக்குக் கடையைக் கழுவித் துடைக்கும்போதுதான் பரண் சரக்கு நம் கண்ணில் படுகிறது. பெரம்பலூர், அரியலூர் கடைவீதிகளில் மளிகையோடு நோட்டுப் புத்தகம், பொம்மை, ஃபேன்சி சாமான் எல்லாம் சேர்த்து விற்ற கடைகள் உண்டு. நாற்பது வருடமாக விலை போகாத பொம்மைகளைப் பையன் மூட்டையாகக் கட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டு விடுவான். போடுமுன் ஒருமுறை அடிப்பாகத்தைப் புரட்டிப் பாருங்கள் என்று உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

டாங்கி, ஜீப், பீரங்கி வண்டி ஆகியவற்றை அசல் அளவிலிருந்து கணக்காகக் குறைத்துச் செய்த மாதிரிகளைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நம் ஆவடியில் 1965-ல் முதன்முதலாக வெளிவந்த விஜயந்தா டாங்கி, பீரங்கிக் குழாயோடு சுமார் 32 அடி. அதையே 1:35 கணக்கில் செய்தால் 11 அங்குலம் வரும்; 1:72 கணக்கில் ஐந்தரை அங்குலத்துக்கும் குறைவு. இந்தக் கணக்குப் பிசகாத வண்டியைத்தான் அவர்கள் தேடுவார்கள். கண்ட அளவில் வரும் பிளாஸ்டிக் டாங்கி அவர்களுக்கு வேண்டாம்.

இதில் பெயர் பெற்றது டிங்கி டாய்ஸ். இங்கிலாந்தின் லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி நிறுவிய மெக்கானோ கம்பெனியின் தயாரிப்பு. 1934-ல் இந்தப் பெயர் வந்தது. 1937-ல் ராணுவ வண்டிகள் தொடங்கின. 1979 நவம்பரில் தொழிற்சாலையே மூடப்பட்டது. நமக்கு முக்கியமான செய்தி வேறு. 1960-களின் பிற்பகுதியில் அக்கம்பெனியின் பழைய அச்சுகள் சில கல்கத்தாவுக்கு வந்தன. அங்கே வார்த்தவை 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் இந்தியக் கடைகளில் விற்பனையாயின. கார்களோடு ராணுவ ஆம்புலன்ஸும் உண்டு. பெயின்ட் சற்றுத் தடிப்பு, வார்ப்பும் லிவர்பூல் அளவுக்குச் சுத்தமில்லை. ஆயினும் இந்தியச் சரக்கு என்பதற்காகவே அதைத் தேடுவோர் இன்றும் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பிரான்சின் சாலிடோ வண்டியானால் அடியில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும்; அது அந்த மாடல் வெளிவந்த காலம், உங்கள் கையிலுள்ள வண்டி செய்த நாள் அல்ல.

இவற்றுக்கு எடை போட்டு விலை சொல்வது நஷ்டம். பழைய பெட்டி கூடவே இருந்தால் விலை இரு மடங்காவதும் உண்டு. நாமோ பெட்டியைத்தான் முதலில் கிழித்துப் போடுகிறோம்! பெட்டியின் மடிப்பு, டயர், சிறு குழாய், கொக்கி எதுவும் தொலையக் கூடாது. அரியலூர்ப் பக்கம் படியும் சிமெண்ட் புழுதியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும். சோப்பு, புளி, பிராசோ எதுவும் வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்தால் பழைய மதிப்புப் போய்விடும். முன்பே யாரோ அடித்திருந்தால் அதைச் சொல்லியே விற்க வேண்டும். சின்ன வெங்காயம் போல நாளாக நாளாகச் சுருங்கும் சரக்கல்ல இது, அவசரப்பட வேண்டியதில்லை. ஆனால் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்து போன மிகப் பழைய வார்ப்புகள் தாமாகவே வெடித்து உதிரும். அதற்கு மருந்து இல்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், ஆகவே இவற்றைக் குழந்தை கையில் கொடுக்க வேண்டாம். மேலும் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர் பொம்மைக்கும், தஞ்சாவூர்ப் பொம்மை போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் மட்டும் விலக்கு உண்டு. முத்திரை இல்லாததைப் பொம்மை அலமாரியில் வைத்தால் தண்டனை கடைக்காரருக்கும்தான். 'மொத்த வியாபாரி கொடுத்தார்' என்ற சமாதானம் எடுபடாது. எனவே பரணில் இறங்கும் பழைய வண்டிகளைத் தனிப் பெட்டியில் எடுத்து வைத்து, சேகரிப்பவர் வந்தால் மட்டும் காட்டுங்கள். பில் போடுமுன் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.