மண்டி அடவு மறந்து மறந்து போகிறதா?

"டாக்டர், ஞாபக சக்திக்கு நல்ல லேகியம் ஏதாவது இருந்தா கொடுங்களேன்!"

பரீட்சை நேரத்தில் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள் வழக்கமாகக் கேட்பதுதான். ஆனால் சேலையூரிலிருந்து வந்த அந்த அம்மா கேட்டது தனக்காக! வயது 42. மகளைப் பரதநாட்டிய வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருந்தவர், 'நாமும்தான் கற்றுக்கொண்டால் என்ன?' என்று ஒரு விஜயதசமியன்று தானும் சேர்ந்துவிட்டார். தட்டடவு, நாட்டடவு எல்லாம் வந்துவிட்டது. மண்டி அடவில்தான் தகராறு!

"டீச்சர் செய்யும்போது புரியுது டாக்டர். மறுநாள் தரைக்குப் போனா எந்தக் கால் முன்னாடி, எந்த முட்டி கீழேன்னே மறந்து போகுது. பத்து வயசுப் பொண்ணுங்க சிரிக்குதுங்க. எங்கம்மாவுக்கு மறதி நோய். எனக்கும் ஆரம்பிச்சுடுச்சோன்னு பயமா இருக்கு..." சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

"அடுப்பை அணைக்க மறக்கறீங்களா? பழகின தெருவில் வழி தடுமாறுதா? சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்றதா வீட்டில் யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றார்.

இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப் போடாமல் நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். இந்த அம்மாவுக்கு அதெல்லாம் இல்லை. கோளாறு அவர் பயிலும் முறையில்தான்! இப்போது நாற்பது வயதில் பரதம், யோகா என்று போகிறவர்கள் நம் பக்கத்திலேயே நிறைய. மேல்நாட்டுக் கம்ப நடனத்தில்கூட தரையில் உருண்டு, முட்டி போட்டு ஆடும் பகுதிதான் பலருக்கும் மறந்து போகிறதாம். ஆகவே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

உடம்புக்குத் தனி ஞாபகம்

1953-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். அதன்பின் புதிதாக எதுவுமே அவர் நினைவில் நிற்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற பெண் ஆராய்ச்சியாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து அதன் மேல் கோடு போடச் சொன்னார். மூன்று நாள் பயிற்சி. ஒவ்வொரு நாளும், 'இதை நான் செய்ததே இல்லையே' என்றாராம் மொலைசன். ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தேறிக்கொண்டே வந்தது!

இதிலிருந்து என்ன தெரிகிறது? பெயர், தேதி, விலாசம் நிற்கிற இடம் வேறு. கை, கால் பழக்கம் நிற்கிற இடம் வேறு. சிறுமூளையும் மூளையின் உட்புறத்தில் உள்ள சில பகுதிகளும் இந்தப் பழக்கத்தைப் பார்த்துக்கொள்கின்றன. 'புரிந்தது, ஆனால் வரவில்லை' என்பது இதனால்தான். புத்தி ஒரு நாளில் பிடித்துக்கொள்ளும், உடம்புக்கு நாளாகும்.

தரையில் ஏன் தடுமாற்றம்?

நிற்கும்போது எதிரே கண்ணாடி, பக்கத்தில் தோழி, முன்னால் டீச்சர். பார்த்தே ஒப்பேற்றிவிடலாம். முழுமண்டியில் உட்கார்ந்து, குதித்து, ஒரு முட்டியைத் தரையில் வைக்கும்போது பார்வை மாறிவிடுகிறது. இடம் வலம் குழம்புகிறது. தொடை எரியும்போது கவனமெல்லாம் வலியின் மேல் போய்விடுகிறது.

இன்னொன்று: பெரும்பாலானோர் போஸை மட்டும் மனப்பாடம் செய்கிறார்கள். ஒரு போஸிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் மறதி! 'இப்போது என் எடை எந்தக் காலில்? அடுத்து எந்தக் காலுக்கு மாறுகிறது?' இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் அடவு தானாக ஓடும்.

இப்படிப் பழகிப் பாருங்கள்

1. முதலில் வாய், பிறகு கால். நாற்காலியில் உட்கார்ந்து, தாளம் போட்டு, சொற்கட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். நட்டுவனார் தட்டுக்கழியோடு சொல் சொல்வது ஆடுகிறவருக்கும் ஞாபகக் கயிறு! சொல் நின்றால் கால் நிற்கும்.

2. இரண்டு அசைவு போதும். அது வந்தபின் மூன்றாவதைச் சேருங்கள். கடைசிப் பகுதியை முதலில் பழகி, பின்னோக்கி வருவதும் நல்ல உபாயம். தெரிந்த இடத்தை நோக்கியே போவதால் பதற்றம் வராது.

3. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஆடுவதைவிட தினமும் பதினைந்து நிமிஷம் மேல். அடிமேல் அடி அடித்தால்தானே அம்மியும் நகரும்! இரவு நல்ல தூக்கமும் வேண்டும். பகலில் பழகியதை மூளை தூக்கத்தில்தான் உறுதியாக்குகிறது.

4. செல்போன் வீடியோவைப் பார்த்துக்கொண்டே ஆடாதீர்கள். முதலில் பார்க்காமல் செய்யுங்கள், தவறட்டும், பிறகு பார்த்துத் திருத்துங்கள். தானாக நினைவுபடுத்திப் பார்ப்பதில்தான் பலன்.

5. தாம்பரம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது கண்ணை மூடி மனசுக்குள் ஒருமுறை ஆடிப் பாருங்கள். காசில்லாத பயிற்சி!

முதல் காலம் சுத்தமாக வராமல் இரண்டாம் காலத்துக்குப் போகவே வேண்டாம்.

முட்டி பத்திரம்!

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு நான் முக்கியமாகச் சொல்வது இதைத்தான். தொடையும் முட்டியும் சூடேறும்படி பத்து நிமிஷம் உடம்பைத் தளர்த்தாமல் மண்டிக்குப் போகாதீர்கள். முட்டியும் கால் விரலும் ஒரே திசையைப் பார்க்கட்டும். முட்டியைத் தரையில் 'டமால்' என்று போடாமல் தொடையின் பலத்தில் மெதுவாக இறக்குங்கள். வெறும் டைல்ஸ் தரையில் பழகுகிறவர்கள் கனமான விரிப்பு போட்டுக்கொள்வது நல்லது. ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் இருப்பவர்கள், டாக்டரைக் கேட்காமல் முழுமண்டிக்குப் போகவே கூடாது.

அசதிக்கு வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்து, நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் ஒற்றடம் கொடுங்கள். வாரம் ஒருநாள் உளுத்தங்களி சாப்பிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டி வேண்டாம். ஆனால் முட்டி வீங்கினாலோ, மடக்கினால் பூட்டிக்கொண்டாலோ, மாடிப்படி இறங்கும்போது வலி விடாமல் இருந்தாலோ எண்ணெய் தேய்த்து உருவ வேண்டாம். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது; அங்கேயும் காட்டலாம்.

வல்லாரை..?

வல்லாரை நல்ல கீரை. துவையல் செய்து சாப்பிடுங்கள். ஆனால் அதைச் சாப்பிட்டால் அடவு வந்துவிடும் என்று ஒரு சித்த மருத்துவனாக நான் சொன்னால் அது பொய்!

அந்த அம்மாவை லேகியம் கொடுக்காமல்தான் அனுப்பினேன். கொஞ்சம் ஏமாற்றத்தோடுதான் போனார். மூன்று மாதம் கழித்து, மகளின் சளிக்கு மருந்து வாங்க வந்தார்.

"மூணாம் காலம் இன்னும் வரலை டாக்டர். ரெண்டாம் காலம் வந்துடுச்சு" என்றார்.

பயம் போய்விட்டது என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.